மாட்டுப்பட்டிக்குப் பின்னால் பூத்த செடி

அந்தச் செடியை அந்த மலைக்குக் கொண்டுபோனது நான்தான். வேறு யார் மீதும் பழி போட வழியில்லை. வழி இருந்திருந்தால் போட்டிருப்பேன், நான் அப்படிப்பட்டவள்தான். ஆனால் அந்தப் பழி தானாகவே இன்னொருத்தி தலையில் போய் விழுந்தது. அதை எடுத்துப் போடாமல் ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செடி என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் இல்லை. கொத்மலையில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் ரோட்டோரம், நாங்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்தின் வாசல், கல்லிடுக்கு என்று எங்கே பார்த்தாலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். இலை சொரசொரவென்று இருக்கும். அதற்குச் சம்பந்தமே இல்லாததுபோல ஒரு சாண் நீளத்துக்குக் காம்பு நிமிர்ந்து நிற்கும். அதன் உச்சியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பூ. நடுவில் மஞ்சள், சுற்றிலும் ஐந்தாறு வெளிறிய இதழ்கள், ஒவ்வொரு இதழின் நுனியிலும் மூன்று சின்னப் பல். காய்ந்தால் பஞ்சாகிவிடும், ஊதினால் பறக்கும். அந்தப் பூவை யாரும் தலையில் வைப்பதில்லை, சாமிக்கும் போடுவதில்லை. மதிப்பெல்லாம் இலைக்குத்தான். வெட்டுக்காயப் பூண்டு என்போம். கத்தி பட்டாலும் கல் கிழித்தாலும் இலையை உள்ளங்கையில் கசக்கிச் சாற்றைப் பிழிந்து, சக்கையை மேலே வைத்துக் கட்டினால் ரத்தம் நின்றுவிடும். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. இலையில் தண்ணீர் படக்கூடாது, பட்டால் வீரியம் போய்விடும் என்பார்கள். பறித்தது பறித்தபடி கசக்க வேண்டும்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆனபோது எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கட்டிக்கொடுத்த இடம் இறம்பொடைக்கும் மேலே. விடியற்காலையில் பேர் பதியப் பெரட்டுக்குப் போனால் வாயிலிருந்து புகை வரும் குளிர். பெண் பார்க்க வந்த நாலு ஆண்களில் மூன்று பேர் கையில் கோணல்மாணலாக ஆறிய வடு இருந்ததை நான் கதவிடுக்கு வழியாகவே பார்த்துவிட்டேன். அந்த ஊரில் பூண்டு இல்லை என்று அப்போதே புரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு மறுநாள் புறப்பட்டபோது, நாலைந்து செடியை வேரோடு பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றி, ஒரு பால் டின்னில் அடைத்து எடுத்துக்கொண்டேன்.

போன இடத்தில் என்னைப் 'பள்ளத்துக்காரி' என்றார்கள். கீழேயிருந்து வந்தவள், குளிர் தாங்காதவள், பேச்சு நீளம். செடியை நடப் போனபோது கங்காணி பார்த்துவிட்டார்.

"புல்லு புடுங்கத்தான் தொர ஆள் வச்சிருக்காரு. புல்லு நடுற பொம்பளய இப்பத்தான் பாக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், உள்ளே எரிந்தது. லயத்து வாசலில் நட்டது ஒரு வாரத்தில் கருகிற்று. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நட்டது பனியில் செத்தது. மாட்டுப்பட்டிக்குப் பின்னால், சாணக்குழியின் ஓரத்தில் நட்டது மட்டும் பிடித்துக்கொண்டது. சாணம் புழுங்கும் சூடு அந்த மண்ணில் எப்போதும் இருக்கும். கொத்மலையில்கூட நான் அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மூன்று மாதத்தில் அந்த இடமே வெளிறிய பூவாக நின்றது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தப் பூக்கள்தான் முதலில் வருகின்றன. எனக்குப் பிடிக்கவில்லை.

லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் போன முதல் நாளே அடுப்புக்கு நெருப்புக் கொடுத்தவள் அவள்தான். இரண்டு காம்பராவுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். தேத்தண்ணி ஊற்றினால் சுவரை மூன்று தரம் தட்டுவாள். நான் கோப்பையோடு போவேன். அவளுடைய புருஷன் கவ்வாத்துக்காரர், தேயிலையை வெட்டிவிடும் ஆட்களில் அவர் கைதான் சுத்தம் என்று பேர். வாய் ஓயாமல் கேலி பேசுவார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அக்கா முழுகாமல் இருந்தாள். அந்த மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பூண்டு எனக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. முதலில் ஒரு பிள்ளையின் முழங்கால். பிறகு தேயிலைச் செடிகளை மட்டம் வெட்டிய ஒருவரின் கட்டைவிரல். எல்லாம் அழகாக ஆறிற்று. பள்ளத்துக்காரி போய்ப் பச்சிலைக்காரி ஆனேன். காயம் பட்டவர்கள் என் வாசலில் வந்து நின்று கூப்பிடும்போது நான் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து வெளியே வருவேன். அவ்வளவு மண்டைக்கனம். கொழுந்தெடுக்கும் மலையில் கங்காணிகூட என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவதை நிறுத்தினார்.

அந்த வருஷம் கவ்வாத்து தொடங்கிய நாள். முதல் வெட்டுக்கு முன்னால் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை வைப்பது வழக்கம். மலையடியில் ஒரு கல், அதற்குப் பொட்டு, அதன் முன்னால் எல்லாருடைய கத்தியும் வரிசையாகத் தரையில். தேங்காய் உடைத்துக் கத்திகளுக்குப் பொட்டு வைத்த பிறகுதான் கையில் எடுப்பார்கள். பூசை முடியும்வரை பெண்கள் கத்தியைத் தாண்டக்கூடாது. அன்று சூடமும் வெற்றிலையும் லயத்திலேயே தங்கிப்போக, அக்காவும் நானும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினோம். தேயிலை நிரைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. வரிசையின் கடைசிக் கத்தி பாதையில் பாதி நீட்டிக்கொண்டு கிடந்தது. அக்கா வயிற்றோடு, தட்டோடு, கீழே பார்க்காமல் அதைத் தாண்டிப் போனாள். நானும் பின்னாலேயே தாண்டினேன். அது அவள் புருஷனுடைய கத்தி. கங்காணி அக்காவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை.

நாலாம் நாள் அவருக்கு வெட்டுப்பட்டது. ஈரச் செடியில் கத்தி வழுக்கி இடது கணுக்காலுக்கு மேலே இறங்கியிருந்தது. மத்தியானம், ஒரு கூட்டாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி லயத்துக்கு வந்தார். கட்டியிருந்த சாக்கெல்லாம் ரத்தம். அப்போதும் வாய் சும்மா இல்லை.

"கத்தி ரத்தம் கேட்டுச்சு, குடுத்துட்டேன். இனி இந்த வருசம் கேக்காது."

அக்கா வெளுத்துப்போனாள். "டிஸ்பென்சரிக்குப் போயிரலாங்க. டொக்டரய்யா மருந்து போடுவாரு. வாங்க, நானும் கூட வாரேன்."

டிஸ்பென்சரி கீழ் டிவிசனில், இரண்டு மைல். அவர் என்னைப் பார்த்தார். "நம்ம தங்கச்சி இருக்கையில டொக்டரு எதுக்கு?"

அந்த நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். பிடிவாதக்காரி அவள். நான் சொன்னேன்:

"எதுக்குக்கா வயித்தப் புள்ளயோட ரெண்டு மைல் நடக்கப்போறீங்க? நான் பாத்துக்கறேன்."

பட்டிக்குப் பின்னால் ஓடினேன். இரவெல்லாம் மழை பெய்திருந்தது. சாணக்குழி வழிந்து செடிகளின் மேல் தெறித்திருந்தது. இலையின் அடிப்பக்கமெல்லாம் கறுப்புச் சேறு. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? பார்த்தேன். பக்கத்திலேயே பீலித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் பட்டால் வீரியம் போய்விடுமே என்று சேலை முந்தியில் ஒரு துடை துடைத்துவிட்டு அப்படியே கொண்டுவந்து கசக்கினேன். காயம் ஆழம். சாற்றை உள்ளே இறங்கும்படி பிழிந்தேன். ரத்தம் நின்றது. சுற்றி நின்றவர்கள் 'பார்த்தியா' என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐந்து நாளில் காயம் மூடிக்கொண்டது. தழும்பு ஒரு நூல் அளவுக்குத்தான் இருந்தது. அவர் காலைத் தூக்கித் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். மறுபடியும் வேலைக்குப் போனார்.

ஒன்பதாம் நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. "என்னா ரொட்டி இது, கல்லாட்டம்? தாட வலிக்குது." அக்கா ஏதோ திட்டினாள். நான் சிரித்தேன். மத்தியானம் தேத்தண்ணிக்குப் போனபோது அவர் கோப்பையைப் பல்லுக்கு நடுவில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்கவில்லை. பல்வலி என்றார்கள், கிராம்பு வைத்தார்கள். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. குளிர் பிடித்துக்கொண்டது என்று எண்ணெய் தேய்த்தார்கள். அன்று பின்னேரம் அவர் படுத்திருந்த இடத்துக்குப் போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, பல் தெரிய, கண் மட்டும் பயந்துபோய் என்னையே பார்த்தது. அது சிரிப்பு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு தகரத் தட்டு கீழே விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் உடம்பு வில்லாக வளைந்தது.

டொக்டரய்யாவை ஆள் விட்டுக் கூட்டிவந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். காலைப் பார்த்தார். தழும்பின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்திருந்த இலைத் துணுக்கை நகத்தால் எடுத்து முகர்ந்தார். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, "இது ஆர் கட்டினது?" என்று கேட்டார். நான் முன்னால் போனேன். என்னைத் தனியாக வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"பிள்ளை, இதை எங்க பிடுங்கினனி?"

"மாட்டுப்பட்டிக்குப் பின்னாலங்க."

"கழுவினனியோ?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். "இலையில ஒரு பிழையும் இல்லை. அந்த மண்ணிலதான் இருக்கு. இது ஏற்புவலி, டெட்டனஸ் எண்டு சொல்லுறது. மாட்டுச்சாணி மண்ணில அந்தக் கிருமி கிடக்கும். காயத்தின்ர வாய் மேலால மூடினா உள்ளுக்கை இருந்து வளரும். உடன வந்திருந்தா ஊசி போட்டிருப்பன்."

"பொழைச்சுக்குவாருங்களா?"

லொறி வந்ததும் ஏறப் போனவர் திரும்பினார். "லயத்தில எல்லாருக்கும் சொல்லு, என்ன? நீ சொன்னாத்தான் கேப்பினம்."

மூன்றாம் நாள் பிணமாகக் கொண்டுவந்தார்கள். முகம் அப்போதும் அப்படியேதான் இருந்தது. பார்த்த பெண்கள் எல்லாரும் பயந்து பின்வாங்கினார்கள். இது காயத்தால் வந்த சாவு இல்லை, காயம்தான் ஆறிவிட்டதே என்று பேச்சு எழும்பிற்று. அப்போது கங்காணி சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, நம்பித்தான் சொன்னார்.

"பூசயன்னைக்கு அந்தப் புள்ள அவன் கத்தியத் தாண்டிட்டு வந்துச்சு. நான் பாத்தேன். வயித்துப்புள்ளக்காரின்னு அப்ப ஒண்ணும் சொல்லல."

அக்கா ஒப்பாரியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

"நீ பின்னாலதான வந்த. சொல்லு புள்ள, நான் தாண்டுனனா?"

டொக்டரய்யா சொன்னது என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. பச்சிலைக்காரி கொன்றுவிட்டாள். நான் சொன்னேன்:

"தெரியலக்கா. நான் கவனிக்கல."

அவ்வளவுதான் நான் செய்தது. கையால் செய்ததை அறியாமல் செய்தேன். வாயால் செய்தது அப்படியில்லை.

அன்று பின்னேரமே பட்டிக்குப் பின்னால் போய் ஒரு செடி விடாமல் பிடுங்கிக் குழியில் போட்டு மூடினேன். காயத்தோடு வந்தவர்களிடம் செடி பட்டுப்போயிற்று, டிஸ்பென்சரிக்குப் போங்கள் என்றேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. ஆனால் பஞ்சு எப்போதோ பறந்துவிட்டிருந்தது. அடுத்த மழைக்குப் பீலியடியில் ஒன்று முளைத்தது. முன்பு நான் நட்டபோது செத்துப்போன அதே இடம். பிடுங்கினேன். கோயில் படியில் இரண்டு. பிடுங்கினேன். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா வேலி ஓரத்தில் ஒரு கூட்டம். குளிர் அதற்குப் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூ பொறுக்குவதுபோல் நடந்து பிடுங்குவேன். முதுகுக்குப் பின்னால் எங்கேயோ ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும்.

அக்காவுக்கு இரண்டு மாதம் கழித்துப் பெண் பிறந்தது. ஆறு வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்தவர்களை விரலில் எண்ணிவிடலாம். கவ்வாத்து மலைக்கு மிலாறு பொறுக்க எல்லாப் பெண்களும் போவார்கள், வெட்டிப் போட்ட குச்சிதான் எங்களுக்கு விறகு. அக்காவை மட்டும் விடமாட்டார்கள். அவளும் கேட்கமாட்டாள். என் வீட்டு மிலாறில் பாதியை அவள் வாசலில் போடுவேன், பெரிய தர்மம் செய்கிறவள்போல. அவள் இரும்பு எதையும் தாண்டுவதை விட்டுவிட்டாள். பாதையில் மண்வெட்டி கிடந்தால்கூட நின்றுவிடுவாள். சுற்றிப்போக வழியில்லை என்றால், யாராவது வந்து எடுக்கும்வரை மழையில் நனைந்துகொண்டு நிற்பாள். என் வாசலில் நின்று எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள்: "அந்தக் கத்திய எடு புள்ள, உள்ள வாரேன்." நான் ஓடிப்போய் எடுப்பேன். ஆனாலும் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குச் சுவரைத் தட்டும் வழக்கத்தை மட்டும் அவள் விடவே இல்லை. அந்த மூன்று தட்டும் கேட்கும்போது, என் தலையிலேயே தட்டுவதுபோல இருக்கும்.

அறுபதுகளின் நடுவில், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் வந்து, லயமெல்லாம் இந்தியா போவதா, இங்கேயே இருப்பதா என்ற பேச்சாகக் கிடந்தது. அக்கா போகலாம் என்றாள். இங்கே தனக்கு என்ன இருக்கிறது என்றாள். போய்த் தொலைந்தால் நல்லது என்று நான் நினைத்தேன். முதல் நாளே என் அடுப்புக்கு நெருப்புக் கொடுத்தவள், அவளைப் பற்றி அப்படி நினைத்தேன். அவள் கப்பலேறிவிட்டால் இந்தக் கதையும் அவளோடு ஏறிவிடும் என்று ஒரு கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் வாசற்படியில் உட்கார்ந்து மிலாறு வெட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு ஒன்பது வயது. பட்டிப்பக்கம் விளையாடப் போய், முனை சீவிய மிலாறுக் குச்சி ஒன்று உள்ளங்காலில் ஏறிவிட்டது. குச்சியைப் பிடுங்கியாயிற்று, ரத்தம் நிற்கவில்லை. எழுந்து வழிவிட்டேன். அவர்கள் உள்ளே வந்தார்கள். கத்தியைப் படியிலேயே போட்டுவிட்டு நானும் உள்ளே போனேன்.

அக்காவின் இடது கையில் அந்தச் செடி இருந்தது. வேரோடு, வேரில் ஈர மண்ணோடு, மேலே ஒரு பூவோடு.

"பட்டுப்போச்சுன்னு சொல்லுவியே, பட்டிக்குப் பின்னால எப்புடி மொளச்சிருக்கு பாரு. கழுவாமக் கொண்டாந்தேன். வச்சுக் கட்டு புள்ள. நீ கட்டுனாத்தான் ஆறும். அவருக்கு எவ்வளவு சுத்தமா ஆறுச்சு."

பிள்ளை காலை என் பக்கம் நீட்டியது. துளை சின்னது, ஆழம். அதற்கு அப்பனுடைய கண்.

"வேணாங்க்கா. இத வைக்கக்கூடாது. டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போங்க, ஏற்பூசி போடணும், இப்பவே போடணும்."

"ஏன்?"

"அண்ணன் செத்தது இதாலதான்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சாணிமண், சேறு, கழுவாதது, டொக்டரய்யா கேட்டது, சொன்னது, எல்லாம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அவளுக்கு முதலில் வந்தது கோபமே இல்லை.

"அப்ப... நான் கத்தியத் தாண்டுனதால இல்லியா?"

"இல்லக்கா. நானுந்தான் தாண்டுனேன். ஒங்க பின்னாலயே."

ஏதோ பெரிய சுமையை இறக்குகிறவள்போலச் சுவரில் சாய்ந்தாள். அதற்குப் பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. லொறி போறதுக்கு முந்தியே."

செடியை என் அடுப்புக்குள் போட்டாள். மகளை முதுகில் ஏற்றிக்கொண்டாள், ஒன்பது வயதுப் பிள்ளையை. வாசற்படியில் கத்தி குறுக்கே கிடந்தது. நான் பழக்கதோஷத்தில் எடுக்கக் குனிந்தேன்.

"விடு" என்றாள்.

அதைத் தாண்டி இறங்கிப் போனாள். கீழ் டிவிசன் ரோட்டில் பிள்ளையோடு அவள் ஓடுவதை வளைவுவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். கால் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தோம். ஒருநாளும் அவள் சுவரைத் தட்டவில்லை.